மாயாவியும் அணிலும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
16.2.2025

அன்புள்ள மாப்ளே,

உன் இன்லேண்ட் லெட்டர் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பதில் எழுத ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினேன். அதையெல்லாம் நீ பதில் என்று எடுத்துக்கொள்ள மாட்டாய். இன்று ஞாயிறு. பக்கத்து மண்டபத்தில் காதுகுத்து, மைக்செட் அலறுகிறது, வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சரி, உனக்காவது எழுதுவோம் என்று பேனாவை எடுத்தேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிதான் என்று நீ சொல்லாமலே தெரிகிறது. கட்டுப் பிரித்ததும் உன்னைப் பார்த்து, “இவ்வளவு நரைச்சுப் போச்சா உனக்கு?” என்று கேட்டாராமே. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கண்ணுக்கு எதுதான் தப்பியிருக்கிறது? புவியியல் புத்தகம் திடீரென்று தடித்துப்போனதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தவர் அல்லவா! அன்றைக்குப் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிய காமிக்ஸில் உன்னுடையது பதினெட்டு, என்னுடையது ஏழு. அந்த ஏழு புத்தகத்துக்கு நீ இன்னும் எனக்குக் கடன்காரன்.

காமிக்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்கே பக்கத்தில்தான் கரை ஏறியது. ஏறியது அதன் வழியில் போகாமல் தலைக்கு மேலேயே நின்றுகொண்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டரை ஒட்டி மழை. நாங்கள் இருப்பது கீழ்ப் போர்ஷன். விடிகாலையில் கட்டிலைவிட்டுக் காலை இறக்கினால் கணுக்கால் வரை தண்ணீர். அரிசி மூட்டையையும் கம்ப்யூட்டரையும் கட்டில் மேல் ஏற்றினோம். சர்ட்டிபிகேட் ஃபைலை என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை யாருமே நினைக்கவில்லை. மறுநாள் மதியம் திறந்து பார்த்தால், மிச்சம் வைத்திருந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் ஊறவைத்த அவல் மாதிரி ஒரே கட்டியாகக் கிடந்தன.

நியூஸ்பிரிண்ட் தாள் நனைந்தால் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது, கையோடு வந்துவிடும். வெயிலில் போட்டால் அப்பளம் ஆகிவிடும். நனைந்த புத்தகத்தை ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து ஆற அமர உலர்த்தலாம் என்று எப்போதோ படித்த ஞாபகம். கரண்ட் வந்ததும் அதைத்தான் செய்தேன். இரும்புக்கை மாயாவி ஃப்ரீசருக்குள் போனார், ஐஸ்கிரீம் டப்பாவும் மீன் பொட்டலமும் வெளியே வந்தன. உன் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

டிசம்பர் முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இதே வேலை. ஒரு புத்தகத்தை எடுப்பேன், பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் சொருகுவேன், ஃபேனுக்கு அடியில் வைப்பேன். ஈரம் இழுத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தே ஆக வேண்டுமா, பார்க்கிற சாக்கில் படித்தே ஆக வேண்டியதாகிவிட்டது. முப்பது வருஷம் கழித்து, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் காமிக்ஸ் படித்தவன் தமிழ்நாடு, புதுவை இரண்டிலும் சேர்த்து நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படிப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த வயதில் நாம் கதையை மட்டும்தான் படித்திருக்கிறோம். வரைந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அதன் ஆங்கில மூலம் 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். மனிதர் என்னமாய்க் கறுப்பு போட்டிருக்கிறார்! நிப்பால் கோடு இழுத்துவிட்டு, பிரஷ்ஷை மையில் முக்கி முகத்தின் பாதியை இருட்டுக்குள் தள்ளிவிடுகிறார். மட்டமான தாளில், தேய்ந்த அச்சில், வெள்ளத்தில் ஊறிய பிறகும் அந்தக் கறுப்பு அசையவில்லை. சாயம் மட்டும் கொஞ்சம் எதிர்ப்பக்கத்தில் இறங்கி, வில்லனுக்கு இலவசமாக ஒரு மீசை கொடுத்திருக்கிறது.

இன்னொன்று, வசனம் எழுதுகிற பலூன். ஆங்கிலத்தில் நாலு சொல்லுக்குப் போட்ட பலூனுக்குள் தமிழில் ஒரு முழு வாக்கியத்தை அடைக்க வேண்டும். நம் சொற்களோ ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். எழுத்தை நெருக்கி, குறுக்கி, ஓரத்தில் வளைத்து எப்படியோ உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்காரர்களுக்கு யாராவது ஒரு மாலை போட்டிருக்கலாம். ‘டுமீல்’ என்று எழுதும்போது மட்டும் அவர்களுக்குக் கை விரிந்து கொண்டாட்டமாகிவிடுகிறது. தமிழ்த் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் உலகத்தில் டுமீல் என்று வெடிக்காது என்பது என் கட்சி.

நம்முடைய கௌபாய் ஹீரோ கேப்டன் டைகரையும் போய்ப் பார்த்தேன். இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மையத்தின் நூலகத்தில் அவர் பெயர் ப்ளூபெர்ரி. வரைந்த ழான் ழிரோவே மோபியஸ் என்ற பெயரில் முற்றிலும் வேறு கையால் வரைந்தவர் என்பது எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். பெரிய அளவில், கலரில், கெட்டி அட்டை போட்டு மேஜைமேல் விரிகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் கறுப்பு வெள்ளை டைகரின் தூசி அந்தக் கலரில் இல்லை மாப்ளே. இது ஓவியன் சொல்கிற தீர்ப்பு இல்லை, பன்னிரண்டு வயதுப் பையன் பிடிக்கிற அடம் என்றே வைத்துக்கொள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். நம் கடலூரில் ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை, போன வருஷம் ஆடி மாதத்தில் போன் செய்தார். வகுப்பறைச் சுவருக்குக் குறுந்தொகையிலிருந்து பன்னிரண்டு படம் வேண்டும், கொடுக்கிற பணம் குறைவாகத்தான் இருக்கும் என்றார். சொன்னபடியே குறைவாகக் கொடுத்தார், ஆனால் சொன்ன தேதியில் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: “பிள்ளைங்க படத்தைப் பார்த்துட்டுப் பாட்டை மறந்துடக் கூடாது சார்.”

எந்தப் பன்னிரண்டு என்று தேட உ.வே.சா. 1937-ல் போட்ட பதிப்பின் மறுஅச்சை அவரே கொடுத்தார். புரட்டும்போது ஒரு யோசனை தட்டியது. தங்கள் பெயர் தொலைந்துபோய், எழுதிய உவமையே பெயராக நின்றுவிட்ட புலவர்கள் இருக்கிறார்களே, அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? செம்புலப் பெயல்நீரார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார். ஊர், குலம், அப்பா பெயர் ஒன்றும் கிடையாது. இரண்டாயிரம் வருஷமாக ஒரு படம்தான் ஆளுக்கு அடையாள அட்டை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா சொல்லு.

சில படம் சுளுவாக வந்தது. மீனெறி தூண்டிலாரின் 54-ம் பாட்டில் யானை பச்சை மூங்கிலை வளைத்துத் தின்னும்; விட்டதும் அது மீன் மாட்டிய தூண்டில்கோல் மாதிரி விசுக்கென்று மேலே போகும். அது அப்படியே காமிக்ஸ். மூங்கிலுக்குப் பின்னால் நாலே நாலு வேகக்கோடு, யானையின் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம், முடிந்தது. குப்பைக்கோழிகள் இரண்டுக்கு எங்கள் தெருமுனைச் சேவல்களே போஸ் கொடுத்தன. செம்புலம் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. அந்தப் பாட்டை ஆள் ஆளுக்குச் சிவப்பாகக் கொட்டி வரைந்து வரைந்து, சிவப்பைத் தொட்டாலே கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது.

மாட்டிக்கொண்டது 41-ம் பாட்டில். காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி களித்திருப்பேன். அவர் போன அன்றைக்கு, ஆட்கள் விட்டுப்போன வீட்டின் அணில் விளையாடும் முன்றில் (வாசல் முற்றம்) மாதிரி வெறிச்சோடிப் போவேன் தோழி என்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அணிலை வரைந்தேன். ஒன்றில்லை, மூன்று அணில். ஒன்று கொய்யாப்பிஞ்சைக் கடிக்கிறது, ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு தூணில் ஏறுகிறது. வாலுக்கு மட்டும் ஒரு நாள் மெனக்கெட்டேன். டீச்சர் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அணில் ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா வீட்டுக்குள்ள யாரோ சமைச்சுட்டு இருக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

அதற்குமேல் ஒரு விமர்சகர் என்ன சொல்லிவிட முடியும்? அணில் பாட்டின் துக்கத்துக்குச் சாட்சி. நான் அதைக் கதாநாயகன் ஆக்கிவிட்டேன். வீட்டை வெறுமையாக்குகிறேன் பேர்வழி என்று கூரை ஓடுகளை உடைத்தேன், சுவரில் விரிசல் விட்டேன், சிலந்தி வலை கட்டினேன். பேய்ப்பட போஸ்டர் மாதிரி வந்தது. நாலு மாதத்தில் ஒன்பது தாள் வீண். ஆசிரமத்துக் கைக்காகிதம் என்ன விலை விற்கிறது தெரியுமா உனக்கு?

(நடுவில் ஒரு சிரிப்பு. பெயர் வேண்டாம், ஒரு பதிப்பாளர், சிறுவர் புத்தகத்துக்கு அட்டை கேட்டார். கம்ப்யூட்டரே வரைந்து தந்த ஓர் அணில் படத்தை அனுப்பி, “இதே மாதிரி, ஆனா நீங்க வரைஞ்ச மாதிரி” வேண்டும் என்றார். முதுகில் கோடே இல்லாத சாம்பல் அணில். ராமர் தடவிக்கொடுத்த கதையைத் தமிழில் போடுகிற புத்தகத்துக்கு, ராமர் கையே படாத அணில்! சொன்னேன். “பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரியாது சார்” என்றார். என் மகளிடம் காட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, “கோடு எங்கப்பா?” என்றாள்.)

சரி, முன்றிலுக்கு வருகிறேன். டிசம்பரில் ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில் மாயாவியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நமக்கு மனப்பாடமான கட்டம்தான். மின்சாரத்தைத் தொட்டதும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதை அப்போதுதான் வரைகிறவன் கண்ணால் பார்த்தேன். பிளாஸ்கோ அந்தக் கட்டத்தில் ஆளைக் காட்ட ஒன்றுமே செய்யவில்லை. புள்ளிக்கோட்டில் உடம்பு கிடையாது, நிழல் கிடையாது. வெறும் தாள், அதில் ஒரு கை. ஆனால் அந்தக் கை இருக்கிற உயரத்தைப் பார்த்ததும் தோள் எங்கே, தலை எங்கே என்று நம் கண்ணே வரைந்துகொள்கிறது. இல்லாத ஆளைக் காட்ட வேண்டும் என்றால், இருந்ததில் ஒன்றே ஒன்றை, சரியான இடத்தில் விட்டுவைக்க வேண்டும். மற்றதையெல்லாம் துடைத்துவிட வேண்டும். நான் ஒன்பது தாளில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அந்த ஒன்று எது என்று தெரியாமல் இன்னும் பத்து நாள் போயிற்று. ஜனவரி முதல் வாரம், முடிந்த படங்களைக் கொடுக்கக் கடலூர் போனேன். தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தின் கறை அப்போதும் அந்தப் பக்கத்துச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு நின்றது. வேலை முடிந்து பஸ் ஏறப் போனவன், கால் போன போக்கில் திருப்பாப்புலியூரில் உன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்றும் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதே. ஓடு சரியவில்லை. பூட்டு துருப்பிடித்திருக்கிறது. திண்ணையில் வேப்பஞ்சருகு. உன் அம்மா ஒரு மார்கழியில், தினம் குனிந்து போட முடியவில்லை என்று, வாசல் சிமெண்டில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோலம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் நானும் பிரஷ்ஷைக் கழுவிக் கொடுத்தோம். டர்பன்டைன் வாங்கிவரச் சொன்னதற்கு நீ மண்ணெண்ணெய் வாங்கிவந்து திட்டு வாங்கினாய். அதில் பாதி இன்னும் இருக்கிறது. தெருப்பக்கம் தேய்ந்துபோய், படிப்பக்கம் மட்டும் இரண்டு இதழும் ஒரு சுழியும். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஓர் அணில் குறுக்கே ஓடி, சுழிமேல் ஒரு நொடி நின்று, திண்ணைக்கு அடியில் போய்விட்டது. அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, இல்லையா?

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் கிறுக்கினேன். வீட்டுக்கு வந்து ஒரே ராத்திரியில் முடித்தேன். வீடு இல்லை, கதவு இல்லை, ஓடு இல்லை. தாளின் கீழ் மூலையில் பாதி அழிந்த கோலம். மேல் ஓரத்தில் கட்டத்தைவிட்டு வெளியேறுகிற ஒரு வால், மூன்று கோட்டின் நுனி மட்டும். நடுவில் கைக்காகிதத்தின் சொரசொரப்பு. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, முன்றில் என்ற சொல்லே இல்முன் என்பது முன்பின்னாகத் திரும்பியதுதான் சார் என்று இலக்கணம் சொன்னார். பாராட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் படத்தைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

அதே சூட்டில் 290-ம் பாட்டையும் முடித்தேன். பெருவெள்ளத்தில் கல்லில் மோதுகிற சிறு நுரை போல ‘மெல்ல மெல்ல’ இல்லாமல் போகிறோம் என்கிற பாட்டு. இதற்கு மாடலைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாண்டி பீச்சில் மணல் போய்விட்ட இடத்தில் கரையைக் காக்கக் கருங்கல்லாகக் கொட்டிவைத்திருக்கிறார்களே, அதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து நாலு நாள் நுரையைப் பார்த்தேன். அலை மோதும்போது வருகிற பெரிய நுரை இல்லை அது. அலை திரும்பிப் போனபிறகு கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு, யாரும் தொடாமலே தானாகக் குறைகிறதே, அது. ஒரே படமாக வரைந்தால் வெறும் நுரை, ‘மெல்ல’ வராது. இரண்டு மெல்லவுக்கு எத்தனை கட்டம் என்று யோசித்தேன். ஆறு போட்டேன். ஒரே கல், ஒரே கோணம், நுரை மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆறாவது கட்டத்தில் கல் மட்டும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியை மட்டும் மற்றதைவிட ஒரு நூல் அகலமாக விட்டேன். பார்க்கிறவர் யாரும் கவனிக்கப் போவதில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன், நீ கவனி.

மற்ற வேலைகள் வழக்கம்போலத்தான். இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு ஹோட்டல் சுவர், ஒரு கவிதைப் புத்தகத்துக்கு அட்டை. அந்த அட்டையில் என் படத்தின் முகத்துக்கு நேராக மஞ்சளில் தலைப்பைப் போட்டுவிட்டார்கள், அதைப்பற்றி எழுதினால் இன்னொரு இன்லேண்ட் ஆகும்.

ஆசை ஒன்று பாக்கி இருக்கிறது. பாரதி பத்து வருஷம் இங்கே இருந்துவிட்டு 1918 நவம்பர் 20 அன்று கிளம்பி, கடலூருக்குப் பக்கத்தில் பிடிபட்டு, நம் ஊர்ச் சிறையில் 24 நாள் இருந்தார் அல்லவா. அதை இருபத்துநாலு கட்டத்தில், ஒரு நாளைக்கு ஒரு கட்டமாக வரைய வேண்டும். ‘இந்தியா’ பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட வைத்து நமக்கெல்லாம் வழி திறந்தவர், அவருக்குப் பதிலுக்கு ஒரு காமிக்ஸ்கூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் முண்டாசும் மீசையும் போட்டவுடன் ஆள் காலண்டராகிவிடுகிறார். முகத்தைக் காட்டாமல் ஓட்ட முடியுமா என்று பென்சிலில் தடவிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று கட்டம் தேறியிருக்கிறது. இருபத்தொன்று பாக்கி.

முன்றில் படத்தின் பிரதி ஒன்றைச் சுருட்டிக் குழாயில் போட்டு இதோடு தனியாக அனுப்புகிறேன். அப்பாவிடம் உடனே காட்டாதே. கண்ணில் மருந்து விடுகிற நாள்களில் அழக் கூடாது என்பார்கள். சொட்டு மருந்தெல்லாம் முடிந்தபிறகு, உனக்குச் சரியென்று பட்டால் காட்டு. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுது. அந்தச் சருகையாவது போய்க் கூட்டிவிட்டு வருகிறேன். கோலத்தின்மேல் துடைப்பம் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது, புவியியல் புத்தகம் எவ்வளவு தடி என்று ஒரு கண் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் ஓவியன்

பி.கு.: நனைந்த மாயாவியில் கடைசி நாலு பக்கம் கூழாகிவிட்டது. போன வாரம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியல் முழுவதையும் கிளறிவிட்டேன், கிடைக்கவில்லை. முடிவு உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. படம் நான் போட்டுக்கொள்கிறேன்.